சொந்தமாகப் புத்தகம் போடப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சேலம், ஆத்தூர் பக்கம் கதை கவிதை எழுதுகிறவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பதிப்பகத்தின் தயவு வேண்டாம், உங்கள் புத்தகத்துக்கு நீங்களே முதலாளி, நூறு சதவீத ராயல்டி, நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) உறுதி என்று போட்டிருக்கிறார்கள். இதே வாசகத்தை நம்பிப் பணம் கட்டியவள் நான். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் விட்டால் அடுத்து யாரோ ஒருவர் நகையை அடகு வைத்துக் கட்டுவார்.

என் புத்தகம் ஏற்காட்டு எஸ்டேட் கதைகள். அப்பா நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார், நாங்கள் அங்கேதான் வளர்ந்தோம். 160 பக்கம், டெமி அளவு. 32,000 ரூபாய் பேக்கேஜ். அதில் எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), 100 பிரதி, கிண்டில் மின்நூல், அப்புறம் சென்னை கன்னிமாரா நூலகத்தில் இடம், எல்லாம் அடக்கம் என்றார்கள். போனில் பேசிய பெண் "மேடம், உங்க எழுத்து வெளிய வரணும் மேடம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். பணம் கட்டிய மறுநாளிலிருந்து அந்தப் போனை வேறு யாரோ எடுத்தார்கள்.

எடிட்டிங் என்ற பெயரில் நடந்ததை முதலில் சொல்கிறேன். எஸ்டேட்டில் 'பழம் எடுக்கப் போனோம்' என்றால் காப்பிப் பழம் பறிக்கப் போனோம் என்று அர்த்தம். அதை 'பழம் வாங்கப் போனோம்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். கதை முழுக்க கூலிக்காரப் பெண்கள் காலை ஏழு மணிக்குப் பழம் வாங்கப் போகிறார்கள்! யாரோ படித்துத் திருத்தியதாகத் தெரியவில்லை, தேடி மாற்றியிருக்கிறார்கள். அதோடு நான் யூனிகோடில் தட்டிக் கொடுத்த எழுத்தை அவர்களுடைய பழைய ஃபாண்டுக்கு மாற்றி, திரும்ப யூனிகோடுக்குக் கொண்டுவந்ததில் 'பௌர்ணமி' எல்லாம் 'பெளர்ணமி' ஆகிவிட்டது, ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்து விழுந்திருக்கிறது. அச்சில் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது, ஆனால் மின்நூலில் யாராவது பௌர்ணமி என்று தேடினால் ஒன்றும் வராது. 'ஸ்ரீ' வருகிற இடத்தில் கட்டம். மெய்ப்பில் (அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் பிரதி) எல்லாவற்றையும் சிவப்பில் குறித்து அனுப்பினேன், சரி செய்துவிட்டோம் என்றார்கள், அச்சில் அப்படியே வந்தது.

இதெல்லாம் வேலை சரியில்லை என்ற கணக்கில் வரும். மோசடி என்று நான் சொல்வது வேறு.

100 பிரதியும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். விலை 240, ஆசிரியர் என்பதால் 40 சதவீதம் கழிவு போக 144க்குத் தருகிறோம் என்றார்கள். என் காசில் தயாரான புத்தகத்தை நானே 144 கொடுத்து வாங்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அச்சக அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் விசாரித்தேன். 160 பக்கம்னா பத்து பாரம் (ஒரு பாரத்துக்கு 16 பக்கம்), 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ காகிதம், முதுகில் பசை ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங், 100 பிரதி டிஜிட்டலில் போட்டால் ஒன்றுக்கு 80 ரூபாய்க்குள் முடித்துவிடலாம் என்றார். அப்புறம் "ஏம்மா, ஓப்பன் ஃபைல் வச்சிருக்கியா?" என்று கேட்டார். பக்க வடிவமைப்பைத் திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்புதான் அது. அந்த நிறுவனத்திடம் கேட்டேன். ஓப்பன் ஃபைல் நிறுவனத்தின் சொத்து, தர மாட்டோம், வேண்டுமானால் 6,000 கட்டுங்கள் என்று பதில் வந்தது.

அந்த அண்ணன்தான் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பதிப்புரிமை: பதிப்பகத்தாருக்கு. எனக்கு அனுப்பிய மெய்ப்பில் அதே இடத்தில் 'ஆசிரியருக்கு' என்று இருந்தது, அந்தப் பிடிஎஃப் இப்போதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டது பேக்கேஜ் பில்லில் மட்டும். உரிமை மாற்றம் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

இதைப் பார்த்துப் பயந்து போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்பக்கத்தில் அச்சடித்துவிட்டால் உரிமை போய்விடாது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுதியவர் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

ஐஎஸ்பிஎன்னுக்கு பில்லில் 2,500 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமைதான் கொடுக்கிறது, எழுத்தாளரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அவர்கள் பெயரில் வாங்கியதால் பதிவேட்டில் வெளியீட்டாளர் அவர்கள். உரிமைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் நான் வேறு இடத்தில் மறுபதிப்புப் போட்டால் அந்த எண் உதவாது, புதிதாக வாங்க வேண்டும். கன்னிமாரா விஷயமும் இப்படித்தான். 1954ஆம் வருடச் சட்டப்படி எந்தப் பதிப்பாளரும் புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் தன் செலவில் பிரதி அனுப்பியாக வேண்டும். பதிப்பாளர் செய்தே ஆக வேண்டிய கடமையை எனக்குக் கிடைத்த பெருமையாகச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் கிண்டில்தான். புத்தகத்தை அவர்கள் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பக்கம் படித்தார்கள் என்று எனக்குப் பார்க்க வழியில்லை, ராயல்டி அவர்கள் வங்கிக்குப் போகிறது. 'நூறு சதவீத ராயல்டி' என்பது எல்லாச் செலவையும் கழித்த பிறகு மிஞ்சுகிற லாபத்தில் நூறு சதவீதமாம், இதுவரை மிஞ்சவில்லையாம். நானே கணக்குத் தொடங்கி ஏற்றிப் பார்த்தேன். ஏற்கெனவே வேறு கணக்கில் விற்பனையில் இருக்கிறது, உரிமைக்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று மெயில் வந்தது. அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் என் அப்பாவின் கதைக்கு நான் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பதிப்புக்கு வந்த விமர்சனங்கள் எல்லாம் அந்தப் பழைய பக்கத்தில் கிடக்கின்றன.

இத்தனை சொன்ன பிறகும் சொந்தமாக வெளியிடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதன் எல்லை எதுவரை என்று தெரிந்து இறங்குங்கள். நம்முடைய கணக்கிலேயே ஏற்றினாலும் இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாள் மின்நூலை வேறெங்கும் விற்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். நூலக ஆணைக்குப் புத்தகத்தைத் தேர்வு செய்வது அரசு, அதை 'உறுதி' என்று சொல்ல எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அதிகாரம் கிடையாது, அந்த ஒரு சொல் விளம்பரத்தில் இருந்தாலே விலகிவிடுங்கள். கடைகளுக்குக் கழிவு கொடுக்க வேண்டும், அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில் என்னிடம் நாற்பது சதவீதம் கேட்டார்கள், அதுவும் விற்ற பிறகுதான் காசு. எடிட்டிங், அட்டை, அச்சு போன்ற வேலைகளைக் கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஐஎஸ்பிஎன், கிண்டில் கணக்கு, ஓப்பன் ஃபைல், இந்த மூன்றும் யார் பெயரில், யார் கையில் இருக்கும் என்று பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஏற்கெனவே கட்டியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர்கள் அலுவலகம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புத்தகம் விற்பது வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று அவர்கள் வாதாடுவார்கள், எனக்கு வந்த பதில் நோட்டீஸிலும் அதுதான் இருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்கிறவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப் பேச்சு, பில், மெய்ப்புப் பிடிஎஃப் எதையும் அழிக்காதீர்கள். இதே மாதிரி பேக்கேஜ் பில் வைத்திருக்கும் சேலம், நாமக்கல், தர்மபுரிக்காரர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். நான் கொடுத்த புகாரின் தமிழ் நகலை அனுப்புகிறேன், பெயரையும் தொகையையும் மாற்றிக்கொண்டு நீங்களும் கொடுக்கலாம்.