கரண்ட் வைப்பதா, நல்ல கையைக் கட்டிப்போடுவதா?

பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) ஒரு பக்கக் கை மட்டும் முடங்கிய குழந்தைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும்: மின்தூண்டல், நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி, இரு கைகளையும் சேர்த்துப் பயிற்சி. போடாக்ஸ் ஊசியும் உண்டு. அது சில மாதங்களுக்கு இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். பயிற்சி இல்லாமல் ஊசி மட்டும் போட்டுப் பெரிதாகப் பயனில்லை.

பிசியோதெரபி சென்டரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, மின்தூண்டல் அந்த வகைதான். ஆனால் வலிக்கு வைக்கிற டென்ஸ் கருவி வேறு, இது வேறு. இதன் வேலை தசையைச் சுருங்க வைப்பது. இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கியிருக்கும். அதனால் முன்கையின் மேற்புறத்தில் இரண்டு பேட் ஒட்டி, விநாடிக்கு 30 முதல் 50 துடிப்பு வரை கொடுக்கிறார்கள். சில விநாடி தூண்டல், பிறகு ஓய்வு. மணிக்கட்டு நிமிரும், விரல்கள் விரியும். திறக்கவே திறக்காத தன் கை விரிவதைக் குழந்தை ஆச்சரியமாகப் பார்க்கும்.

சிக்கலும் அங்கேதான். மின்சாரம் இயக்கும் தசை, நாமாக அசைக்கும் தசையைவிடச் சீக்கிரம் களைத்துவிடும். குழந்தை டிவி பார்த்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தால் மூளைக்கு அதில் பெரிய வேலை இல்லை. கையில் பிடித்திருக்கும் பந்தைக் குழந்தை விட முயலும் அதே நொடியில் தூண்டினால் கதை வேறு. தூங்கும்போது இரவெல்லாம் மெல்லிய மின்சாரம் வைக்கும் முறை ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது; ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்தபோது தெளிவான பலன் தெரியவில்லை.

கட்டிவைக்கும் முறைக்கு மூலம் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள். பயன்படுத்தாத கையை மூளை ஒதுக்கிவிடுகிறது. நல்ல கைக்கு உறை மாட்டினால் மற்றதற்கு வேலை வந்தே தீரும். தர்க்கம் சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் கைகொடுத்த கையைப் பூட்டினால் எந்தக் குழந்தையும் அழும். தவிர, சட்டைப் பொத்தான் போடவும் டிபன் பாக்ஸ் திறக்கவும் இரண்டு கையும் வேண்டும்.

அந்தக் குறைக்குத்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோர்டன் குழு இரு கைப் பயிற்சியை வடிவமைத்தது. 2011இல் 42 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு நல்ல கையைக் கட்டிவைத்தும் மற்றதற்கு இரு கைகளையும் சேர்த்தும், இரண்டுக்கும் 90 மணி நேரம் பயிற்சி தந்து பார்த்தார்கள். முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த முறை என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மின்தூண்டலுக்கு இந்த அளவு சான்று இல்லை. நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தனியாக அதை மட்டும் நம்பி நான் பணம் கட்டமாட்டேன். அதற்காகத் தள்ளிவிடவும் மாட்டேன்: விரல் விரியவே விரியாத குழந்தைக்கு மற்ற இரண்டையும் தொடங்குவதே கஷ்டம். அங்கே கரண்ட் வழி திறந்துவிடலாம். வலிப்பு வருகிற குழந்தை என்றால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

சென்டரில் சேர்க்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பேட் ஒட்டியிருக்கும்போது குழந்தை என்ன செய்யும்? “சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்” என்றால் வேறு இடம் பாருங்கள்.