ஹான்ஃபுவா, சிபாவா?

சீனாவில் மரபுடை என்றதும் இளம்பெண்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று சிபாவ், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அது சியோங்சாம். நிமிர்ந்த கழுத்துப்பட்டை, துணியிலேயே முடிச்சிட்ட பொத்தான், பக்கவாட்டில் பிளவு. வடகிழக்குச் சீனாவின் மஞ்சு இனத்தாரின் மரபோடு தொடர்புடையது என்றாலும் 1920களின் ஷாங்காய்தான் அதற்கு இன்றைய உருவம் தந்தது. மற்றது ஹான்ஃபு. 17ஆம் நூற்றாண்டில் மஞ்சு அரசர்களின் சிங் ஆட்சி ஓரங்கட்டும்வரை சீனாவின் பெரும்பான்மை இனத்தாரான ஹான் மக்கள் உடுத்தியது. 2003இல் செங்சோ நகரத் தெருவில் ஓர் இளைஞர் அதை அணிந்து நடந்த செய்தி பரவிய பிறகு மறுபடி தலையெடுத்தது.

சிபாவ் உடலை அளந்து தைப்பது. வளரும் பிள்ளைக்குப் போன புத்தாண்டில் தைத்தது இந்த ஆண்டு தோளில் இறுகிவிடும். ஹான்ஃபுவில் பெரும்பாலும் நாடாக்கட்டுதான். தளர்த்திக் கட்டினால் இன்னும் ஓராண்டு ஓட்டலாம். சிங் ஆட்சிக்கு முந்தைய மிங் காலத்துக் ‘குதிரைமுக’ மடிப்புப் பாவாடையைச் சாதாரணச் சட்டையோடு சேர்த்துக் கல்லூரிக்கே போட்டுப் போகிறார்கள்.

ஆனால் ஹான்ஃபுவில் ஒரு கண்டிப்பு உண்டு. மார்பில் குறுக்காக வரும் மடிப்பில் உடுத்துபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை, பாட்டி பதறிவிடுவார்!

திருமண விருந்தின் மிடுக்குக்குச் சிபாவையே சொல்வேன். ஓடியாடும் குழந்தைக்கு ஹான்ஃபு. எஸ்கலேட்டரில் மட்டும் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.