200 மணி நேர சோதனை 4 நாளில் முடிந்தது

ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட் (ஸ்டீலுக்குள் புகுந்த ஹைட்ரஜன் அதை நொறுங்கும்படி ஆக்குவது) சோதனைக்கு சாம்பிள் அனுப்புகிறவர்கள், ரிப்போர்ட் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

12.9 கிரேடு என்ற மிக வலுவான போல்ட்டுகளுக்கு எலக்ட்ரோ ஜிங்க் பிளேட்டிங் (தொட்டியில் மின்சாரம் விட்டுப் போடும் துத்தநாகப் பூச்சு) போட்டோம். 39 முதல் 44 ஹெச்ஆர்சி (கடினத்தன்மை அளவு) வரை கடினமான போல்ட்டுக்கு அது வம்பு, பிளேட்டிங்கில் ஹைட்ரஜன் உள்ளே போகும் என்று தெரியும். அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றிவிடலாம் என்ற தைரியம்தான். தொட்டி சரியா என்று பார்க்க, அதே தொட்டியில் பிளேட்டிங் போட்ட 4 நாட்ச் (வெட்டுப் பள்ளம்) போட்ட சாம்பிள்களை ஒரு லேபுக்கு அனுப்பினோம். ஏஎஸ்டிஎம் எஃப்519 முறை: 4340 ஸ்டீல் சாம்பிளில், நாட்ச் உடையும் லோடில் 75 சதவீதம் ஏற்றி 200 மணி நேரம் அப்படியே பிடித்துவைக்க வேண்டும். 'பாஸ்' என்று வந்தது. போல்ட்டுகளை முறுக்கினோம்.

மறுநாள் காலை 3 போல்ட் தலைகள் தரையில் கிடந்தன. ராத்திரி அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. உடைந்த இடத்தில் இழுபட்டு மெலிந்த தடமே இல்லை. சர்க்கரையைக் கொட்டியதுபோல மினுமினுத்தது.

அப்புறம்தான் ரிப்போர்ட்டை எடுத்தேன். சாம்பிள் பெற்ற தேதி 3, கையெழுத்து 7. 200 மணி நேரம் என்றால் 8 நாளும் 8 மணி நேரமும் ஆச்சே! திரும்பி வந்த பார்சலைப் பிரித்தால், 3 சாம்பிள்கள் நாங்கள் சுற்றி அனுப்பிய எண்ணெய்த் தாளிலேயே இருந்தன, நாங்கள் போட்ட முடிச்சோடு.

போன் போட்டேன். "ஒன்னை டென்சைல் போட்டுப் பார்த்துட்டோம் சார், நல்ல லோடு எடுத்துச்சு" என்றார்கள். எடுக்கத்தான் செய்யும்! சில நிமிடத்தில் இழுத்து உடைத்தால், நாட்ச் அடியில் போய்ச் சேர ஹைட்ரஜனுக்கு நேரமே கிடைக்காது. லோடு மாறாமல் நிற்கும்போதுதான் அது மெல்ல அங்கே சேர்ந்து விரிசலைக் கிளப்பும்.

என் தப்பும் உண்டு. எஃப்519 சோதிப்பது பிளேட்டிங் முறையைத்தான். போல்ட்டையே முறுக்கி 48 மணி நேரமாவது வைத்துப் பார்க்கும் ஐஎஸ்ஓ 15330 சோதனையையும் கேட்டிருக்க வேண்டும்.

லோடு ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், இடையில் லோடு விழவில்லை என்று காட்டும் சார்ட், இவை இல்லாத ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நான் சார்ட் கேட்டேன். இரண்டு நாள் கழித்து 'திருத்திய ரிப்போர்ட்' வந்தது. சார்ட் இல்லை. 7 இருந்த இடத்தில் 12 இருந்தது.