54,500 ரூபாய் கேமிங் பிசி: கொட்டேஷனில் ஒன்று, கேபினட்டுக்குள் இன்னொன்று

கொட்டேஷனில் இருந்தது: ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்), 550 வாட் 80 பிளஸ் ப்ரோன்ஸ் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை).

பார்சலில் வந்தது: ரைசன் 5 5500, ஏ520 போர்டு, ஒற்றை 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, எம்.2 சாட்டா எஸ்எஸ்டி (வடிவம் அதே, வேகம் குறைவு), எந்த பிராண்டு என்றே தெரியாத ஒரு '500 வாட்' டப்பா. மாறாமல் இருந்தது விலை ஒன்றுதான். 54,500.

கடையின் பெயரைப் போடவில்லை. என்ன மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். ரீல்ஸில் ஆர்ஜிபி விளக்கு மினுக்கி, 'பட்ஜெட் கேமிங் பிசி' என்று காட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து, பார்சல் சர்வீஸில் போட்டுவிடும் அசெம்பிளி கடை. இந்த மாதிரி ஊருக்கு நாலு இருக்கிறது.

நம்பிக்கை எங்கே வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், அடுத்தவரும் அங்கேதான் விழுவார். முதலில் கேட்டது இன்டெல் ஐ5 12400எஃப் ப்ராசசர். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அது வேணாம் ப்ரோ. போர்டோட சேத்தா பட்ஜெட் ஏறிடும். 5600 போதும், மிச்சத்தை கார்டுல போடுங்க. கேமுக்கு கார்டுதான்." லிக்விட் கூலர் பற்றிக் கேட்டால், "65 வாட் ப்ராசசருக்கு எதுக்கு ப்ரோ, பாக்ஸ்ல வர்ற கூலரே தாங்கும்" என்றார். இரண்டுமே சரியான பேச்சு, எதிலும் குறை சொல்ல முடியாது. கூடுதலாக ஒரு பொருளைத் தலையில் கட்டாமல், வேண்டாம் என்று தடுக்கிற கடைக்காரரை யார் சந்தேகப்படுவார்? தூண்டிலே அதுதான்.

அனுப்புவதற்கு முன் வீடியோவும் வந்தது. வாலரன்ட் கேம் ஓடுகிறது, மூலையில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) 200-ஐத் தாண்டி நிற்கிறது. மீதிப் பணம் போனது. இப்போது சொல்கிறேன், வாலரன்ட் ஓட்டிக் காட்டுவதை ஒரு சாட்சியாகவே எடுக்காதீர்கள். அது பழைய கார்டிலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டே செய்த லேசான கேம், கார்டைவிட ப்ராசசரை நம்பி ஓடுவது. அதை வைத்து 8 ஜிபி கார்டா 6 ஜிபி கார்டா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கார்டு விஷயத்துக்கு வருவோம், பெரிய திருட்டு அதில்தான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு சந்தையில் இருக்கிறது. 2022-இல் வந்த 8 ஜிபியில் 2560 கூடா கோர் (படத்தைக் கணக்கிடும் சிறு யூனிட்), 128 பிட் மெமரி பஸ் (மெமரிக்கான பாதையின் அகலம்), 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட், 70 வாட். மெமரி வேகம் விநாடிக்கு 224 ஜிபியிலிருந்து 168-க்கு இறங்கிவிடுகிறது. குறைந்தது 2 ஜிபி மட்டும் என்று நினைத்தால் தப்பு, இது வேறு கார்டு. பெயரை ஒன்றாக வைத்த கம்பெனிக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு என்பேன். கொட்டேஷனில் '3050 8ஜிபி' என்று இருந்தது, கடைசியில் வந்த காகிதத்தில் அந்த '8ஜிபி' இல்லை. அந்த ஒரு சொல் காணாமல் போனதில்தான் எல்லாம் போனது.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் கண்ணாலேயே தெரியும். 8 ஜிபி கார்டில் பவர் கேபிள் செருகும் இடம் இருக்கும். 6 ஜிபி பெரும்பாலும் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும், தனி கேபிள் இருக்காது.

இதைப் பார்த்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ் கதையும் புரிந்தது. டப்பாவின் மேல் '500 வாட்' என்று கொட்டை எழுத்து. பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள், 216 வாட். ப்ராசசரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். 3.3 வோல்ட், 5 வோல்ட் எல்லாம் கூட்டி 500 என்று எழுதிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. ஒழுங்கான 550 வாட் சப்ளையில் 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும்.

ஆக, 130 வாட் கார்டு போட்டிருந்தால் இந்த டப்பா சில நாளில் முக்கியிருக்கும், குட்டு உடைந்திருக்கும். 70 வாட் கார்டு போட்டால் மொத்த மெஷினும் 200 வாட்டுக்குள் அடங்கும், டப்பாவும் சத்தமில்லாமல் ஓடும். ஒரு ஏமாற்று இன்னொரு ஏமாற்றை மூடி வைத்திருக்கிறது. நாளைக்கு நல்ல கார்டு வாங்கி மாட்டலாம் என்றாலும் முடியாது, அந்த டப்பாவில் கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் பிசிஐஇ கேபிளே இல்லை. மோலக்ஸ் என்ற பழைய 4 பின் கனெக்டரில் இருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒயர் கடையில் கிடைக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், 8 பின் என்றால் 150 வாட் வரை இழுக்கும், மெல்லிய மோலக்ஸ் ஒயர் உருகும்.

ப்ராசசர். 5500-உம் 5600-உம் 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் 5600-இல் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32 எம்பி, 5500-இல் 16. கேமில் அடி விழுவது இந்தப் பாதியில். அதோடு 5500-இல் பிசிஐஇ (ப்ராசசருக்கும் கார்டுக்கும் இடையே டேட்டா போகும் பாதை) 3-ஆம் தலைமுறையோடு நின்றுவிடும். ஆர்டிஎக்ஸ் 3050 எட்டு லேன் மட்டும் பயன்படுத்தும் கார்டு, 4-ஆம் தலைமுறை ஸ்லாட்டில் கிடைக்கும் அகலம் இங்கே பாதியாகிவிடும். 6 ஜிபி மெமரி நிரம்பி கார்டு ரேமை நாடும் நேரத்தில்தான் அது உறைக்கும். டெக்ஸ்சர் மங்கலாக வரும், திரை விட்டு விட்டு நிற்கும்.

ரேம் இன்னும் கேவலம். இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒற்றை 16 போட்டால் சிங்கிள் சேனல், டேட்டா ஒரே பாதையில்தான் போகும். 3200-இல் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2. இவர்கள் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) கூடப் போடாமல் 2666-இல் ஓட விட்டிருக்கிறார்கள், அப்போது 21.3-தான். சராசரி எஃப்பிஎஸ் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, கூட்டமான காட்சியில் கேம் திக்கித் திணறும்.

எஸ்எஸ்டியில் நஷ்டம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாட்டா விநாடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3000-க்கு மேல், ஆனாலும் கேம் லோடாவதில் சில விநாடிதான் வித்தியாசம். கோபம் அதனால் இல்லை. டிஸ்க் விவரம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பவர் ஆன் ஹவர்ஸ் (இதுவரை ஓடிய மணி நேரம்) நான்கு இலக்கத்தில் நின்றது. யாரோ ஓட்டிக் கழித்ததைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

இனி போனில் கிடைத்த பதில்கள். முதல் நாள்: "ஸ்டாக் இல்ல ப்ரோ, ஈக்வலா போட்டிருக்கோம்." 5500 எப்படி 5600-க்கு ஈக்வல் என்றால்: "ரெண்டும் ஆறு கோர்தானே." கார்டு பற்றிக் கேட்டால்: "3050னு சொன்னீங்க, 3050 குடுத்தாச்சு." கொட்டேஷன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் இரண்டு நீல டிக், பதில் இல்லை. வேறு நம்பரில் இருந்து அழைத்தால் ஒரு பெண் எடுத்து, "ஓனர் வெளியூர் போயிருக்காரு சார்." அப்புறம் திடீரென்று சட்டம் பேசினார்கள். கேபினட் பின்னால் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம், அதைக் கிழித்ததால் வாரண்டி போச்சாம். கிழிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? கடைசியாக வந்த பெருந்தன்மை, "மெஷினைத் திருப்பி அனுப்புங்க, 30 பர்சன்ட் கழிச்சுட்டு வேற பில்ட் போட்டுத் தர்றோம்." 54,500-க்கு மட்டமான சரக்கை அனுப்பிவிட்டு, அதைத் திருப்பித் தருவதற்கும் 16,350 ரூபாய் கப்பம் கட்ட வேண்டுமாம்! பார்சல் செலவும் நம்முடையது.

கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பேசினால், சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள். கையில் இருப்பது 'கம்ப்யூட்டர் செட் - 1, ரூ. 54,500' என்று எழுதிய எஸ்டிமேட் காகிதம். "பில் வேணாம்னா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் மிச்சம் ப்ரோ" என்று இனிக்க இனிக்கப் பேசியது எதற்கு என்று இப்போது தெரிகிறது.

பட்ஜெட்டில் பார்ட் பார்ட்டாக எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாடல் நம்பரைப் பாதியாக எழுத விடாதீர்கள். '3050' போதாது, '3050 8ஜிபி' என்று பில்லிலும் இருக்க வேண்டும். '16ஜிபி' போதாது, '8x2, 3200'. 'எம்.2' போதாது, 'என்விஎம்இ'. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாட் மட்டும் கேட்காதீர்கள், மாடல் பெயரையும் 12 வோல்ட் ஆம்பியரையும் கேளுங்கள்.

மீதிப் பணம் போடும் முன் வீடியோ காலில் கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட், ப்ராசசர், ரேம் விவரம் காட்டும் சிபியு-இசட் இரண்டையும் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர் (மேலே சொன்ன கூடா கோர்தான்) 2560, பஸ் 128 பிட் வர வேண்டும். சிபியு-இசட் மெமரி பக்கத்தில் டிராம் ஃப்ரீக்வென்சி 1600-ஐ ஒட்டி இருந்தால் அது 3200, சேனல் இரண்டு என்று காட்ட வேண்டும். காலி பெட்டிகள் எல்லாம் சீரியல் நம்பரோடு பார்சலில் வர வேண்டும். வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

இந்த ஆட்கள் போட்டுத் தரும் விண்டோஸ் ஆக்டிவேட்டர் வைத்த திருட்டு காப்பி, ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருப்பார்கள். டிஸ்க்கை அழித்துவிட்டு வேறு போடுங்கள், அதுவரை அதில் பேங்க் வேலை எதுவும் வேண்டாம்.

உள்ளே பார்க்கிறேன் என்று ஏஎம்4 (இந்த ரைசன்கள் உட்காரும் சாக்கெட்) ப்ராசசரின் கூலரை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து பின் வளையும், பழி உங்கள் மேல் வரும். சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, இடமும் வலமும் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குப் புகார் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்த 54,500-க்கும் புகார் போயிருக்கிறது. அந்தக் கடை இன்று காலையும் ஒரு ரீல் போட்டிருக்கிறது, தலைப்பில் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும், எத்தனை ஜிபி என்று இல்லாமல். வாங்குவதற்கு முன் அதைக் கேளுங்கள்.