டிரைவ் தங்கம், கேபிள்தான் வயிற்றெரிச்சல்: நாலு வருஷ அனுபவம்

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் விலை இறங்கிவிட்டதே, வாங்கிப் போடலாமா என்று நேற்று நெகமத்திலிருந்து நண்பர் போன் செய்தார். அவரும் என்னைப்போல தேங்காய் நார் மில் வைத்திருப்பவர். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் மில்லில், மட்டை ஏற்றும் கன்வேயரின் 5 எச்.பி. மோட்டாருக்கு டிரைவ் போட்டு நாலு வருஷம் ஆகிறது. வேலையில் குறை சொல்லவே முடியாது. மழைக்காலத்தில் மட்டை ஊறி வந்தால் வேகத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 35 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுவேன். மெஷின் திணறாமல் வாங்கிக்கொள்ளும். முன்பெல்லாம் ஸ்டார்ட்டரைப் போட்டதும் பெல்ட் ஒரு உதறு உதறும். இப்போது கன்வேயர் கிளம்புவதே தெரியாது. இன்றைக்கும் காலையில் அதைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

வயிற்றெரிச்சல் கேபிளால் வந்தது. நார்த்தூசி டிரைவின் ஃபேனில் அடைத்துக்கொள்ளும் என்று, டிரைவ் இருக்கும் பேனலை ஆபீஸ் ரூமில் வைத்தோம். அங்கிருந்து மோட்டாருக்கு 60 மீட்டர். பேனல் போட்டவர் சாதாரண கேபிளையே இழுத்துவிட்டுப் போனார். பதினாலாம் மாசம் மோட்டாரின் காயில் போனது. கட்டினோம், எட்டே மாசத்தில் மறுபடி போனது. இரண்டாம் முறை காயில் கட்டுபவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். ஓவர்லோடில் போயிருந்தால் முழுக்கக் கருகியிருக்குமாம். இதில் வார்னிஷ் நிறம்கூட மாறவில்லை. லீடு ஒயர் சேரும் முதல் சுற்றில் மட்டும் குண்டூசி குத்தியதுபோல ஒரு கறுப்புப் புள்ளி.

415 வோல்ட் டிரைவுக்குள் டிசியாக மாறும்போது 587 வோல்ட் ஆகிறது. அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. கேபிள் நீளமானால் அந்தத் துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பும். அங்கே வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகி 1,100ஐத் தாண்டும். அந்த அடியில் பெரும்பங்கு முதல் சுற்றுகளுக்குத்தான். கேபிள் நீள வரம்பு மேனுவலிலேயே இருந்தது. விற்றவரும் சொல்லவில்லை, நானும் புரட்டிப் பார்க்கவில்லை.

என்னால் மன்னிக்க முடியாதது இன்னொன்று. நீளக் கேபிளால் லீக்கேஜ், அதாவது எர்த்துக்குக் கசியும் கரண்ட், கூடியது. கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆனது. அதை நிறுத்துவதற்காக, வந்த எலக்ட்ரீஷியன் மோட்டாரின் எர்த்தையே கழற்றிவிட்டிருக்கிறார்! மோட்டாரைத் துடைத்த பையனுக்குச் சுருக்கென்று ஏறியபோதுதான் தெரிந்தது. மோட்டார் பாடிக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. டிரைவுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61800-5-1 இன்னும் கறார்: லீக்கேஜ் 3.5 மில்லியாம்பைத் தாண்டினால் எர்த் ஒயர் 10 ஸ்கொயர் எம்எம் காப்பராக இருக்க வேண்டும், அல்லது இரண்டாவதாக ஓர் எர்த் ஒயர் ஓட வேண்டும். இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் பார்க்கிற விஷயமா இது?

பிறகு உலோக உறை சுற்றிய ஷீல்டு கேபிள் போட்டு, அந்த ஷீல்டை இரண்டு முனையிலும் கேபிள் நுழையும் கிளாண்டோடு சுற்றிப் பிடித்தோம். டிரைவ் அவுட்புட்டில் அந்தத் துடிப்பை மட்டுப்படுத்தும் சோக், டிசி கசிவையும் கண்டுபிடிக்கும் 300 மில்லியாம்ப் டைப் பி ஆர்சிசிபி, இரட்டை எர்த். செலவு டிரைவ் விலையையே தாண்டிவிட்டது. அதன்பிறகு இரண்டு வருஷமாக மோட்டாரைத் திறக்கவில்லை.

டிரைவ் எனக்கு இவ்வளவு பிடித்தும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் மில்லில் பேனலுக்கும் மோட்டாருக்கும் 80 மீட்டர். பழைய கேபிளிலேயே கோத்துவிடலாமா என்று கேட்கிறார்.