பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் விளக்கு: மூன்று வருட அனுபவம்

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் பட்டறை. கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஆர்டரில் பாதி தென்காசிப் பக்கத்தில் இருந்து வரும், மீதி மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரில் இருந்து வரும். இந்த வேலைக்காக 2022 ஆகஸ்டில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுமே, அந்த வகை. டவர் கேபினெட், எட்டாம் தலைமுறை ஐ5. இன்றைக்கும் அதில்தான் வேலை நடக்கிறது.

எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலை ஓடும். அறை விளக்கை அணைத்துவிட்டால் மானிட்டரும் நானும்தான். பக்கத்தில் கறுப்பாக நிற்கிற அந்தப் பெட்டிக்குள் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ரொம்ப நாள் ஆசை. கடைகளில் தனித்தனியாகப் பாகம் வாங்கிப் பூட்டுகிற கம்ப்யூட்டர் என்றால் இது அரை மணி நேர வேலை. மதர்போர்டிலேயே விளக்குக்கென்று ஹெட்டர், அதாவது வயர் சொருகுகிற பின் வரிசை இருக்கும், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ஏழெட்டு வயர் தொங்கும். என் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை.

இந்த மாதிரிப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும்தான் கொடுக்கிறது. அதுவும் நேராக மதர்போர்டுக்குப் போய்விடுகிறது. ஹார்டு டிஸ்க்குக்குத் தேவையான 5 வோல்ட்டை மதர்போர்டே உண்டாக்கி, 12 வோல்ட்டோடு சேர்த்து ஒரே ஒரு வயர் வழியாக வெளியே தருகிறது. அந்த வயரில் எனக்கு இருந்தவை இரண்டு சாட்டா பவர் முனைகளும், டிவிடி டிரைவுக்குப் போகும் ஒரு சின்ன முனையும். ஒன்றில் எஸ்எஸ்டி, இன்னொன்றில் ஆல்பப் படங்கள் எல்லாம் இருக்கும் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க். மோலெக்ஸ் என்கிற பழைய ரக நாலு பின் பவர் முனை மருந்துக்குக்கூட இல்லை.

எங்கள் தெருமுனையில் டிவி, மிக்ஸி எல்லாம் பழுது பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் என்ன கலர் எல்இடி ஸ்ட்ரிப் (விளக்குப் பட்டை) வாங்கலாம் என்று கேட்டேன். "கலர பொறவு பாப்போம் தம்பி. கரண்ட எங்க இருந்து எடுக்கப் போறீங்க, அத மொதல்ல சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் செய்தது சுலபமான வேலை. யுஎஸ்பியில் எரிகிற ஸ்ட்ரிப் ஒன்றை வாங்கி, பின்பக்க ஓட்டை வழியாக உள்ளே விட்டு, வாலைப் பின்னால் உள்ள யுஎஸ்பி போர்ட்டில் சொருகினேன். எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. "ஏய், பொட்டிய அமத்தலையா? உள்ள வெளக்கு எரியுதே" என்று அம்மா தினமும் கீழே இருந்து வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஷட்டவுன் ஆன பிறகும் போர்டு சில யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். கீபோர்டைத் தட்டி எழுப்புவதற்கும் போனை சார்ஜ் போடுவதற்கும் உள்ள ஏற்பாடு அது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸில் டீப் ஸ்லீப் என்றோ இஆர்பி என்றோ ஒரு அமைப்பு இருக்கும். அதை இயக்கினால் விளக்கு அணைந்துவிடும். என்னுடையதிலும் அணைந்தது. யுஎஸ்பி விளக்கு போட்டவர்கள் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். நான் அந்த ஸ்ட்ரிப்பைக் கழற்றியதற்குக் காரணம் வேறு. பின்னால் வளைந்து போகிற அந்த வெள்ளை வயர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

2023 ஜனவரியில் இரண்டாவது முயற்சி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். சாட்டா பவர் ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற முனையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டிஸ்க்கையும் இன்னொன்றில் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பையும் மாட்டினேன். கணக்குப்படி இதில் ஆபத்தே தெரியாது. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 ரக ஸ்ட்ரிப், ஒரு மீட்டருக்கு 14 வாட் சொச்சம் இழுக்கும். நான் போட்டது அரை மீட்டர்; 0.6 ஆம்பியர். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். ஏகப்பட்ட இடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அதே சமயத்தில்தான் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டில் ஜன்னல் போட்டேன். கிரில் பட்டறையில் கொடுத்து 20-க்கு 15 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் வைத்தேன். தகட்டைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோய் வெட்டிக்கொண்டு வரவேண்டும். மாட்டுவதற்கு முன் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு துளி இரும்புத்தூள் போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடலாம்.

மே மாதம் ஒரு ராத்திரி, ஹார்டு டிஸ்க்கில் இருந்து படங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது காப்பி பாதியில் நின்றது. டிஸ்க் காணாமல் போய், சில நொடியில் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. பெட்டியைத் திறந்ததும் லேசாக பிளாஸ்டிக் சுட்ட வாடை. ஸ்ப்ளிட்டரின் முனையை உருவிப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் டீக்கறை போலப் பழுப்பு வளையம். விரலால் தேய்த்தேன், போகவில்லை.

அண்ணாச்சி அதை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துச் செய்த முனை அது. அப்படி வார்க்கும்போது உள்ளே இருக்கிற கம்பிகள் நகர்ந்து ஒன்றுக்கொன்று நெருங்கிவிடலாம். நாளாக நாளாகச் சூட்டில் இளகி இன்னும் நெருங்கலாம். கடைசியில் ஷார்ட் ஆகி உருகும், தீயும் பிடிக்கலாம். ஒவ்வொரு கம்பியையும் தனியாக நசுக்கிப் பொருத்தி, பின்னால் மூடி வைத்த முனைகளில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஆக, விளக்கு இழுத்த கரண்ட் குற்றவாளி இல்லை, நான் வாங்கிய முனைதான். ஆனால் அதைப் பூட்டிய இடம் நாற்பது குடும்பங்களின் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கின் வாசல். டிஸ்க் பிழைத்தது. அன்று ராத்திரியே இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுத்தான் படுத்தேன். டிஸ்க்குக்குப் போகும் முனையில் வேறு எதையும் பூட்டுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை.

அப்புறம்தான் டிவிடி டிரைவின் சின்ன முனை கண்ணில் பட்டது. நான் டிவிடி எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது; இப்போது எல்லோருக்கும் பென்டிரைவ்தான். அந்த மெல்லிய முனையில் ஆறு பின்கள், 12 வோல்ட் கிடையாது, 5 வோல்ட் மட்டும். அண்ணாச்சி மல்டிமீட்டர் வைத்தார்: 5.05. ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிறம் கொடுக்கக்கூடிய டபிள்யூஎஸ் 2812பி ஸ்ட்ரிப்புக்கு வேண்டியதும் சரியாக 5 வோல்ட்! கம்ப்யூட்டரோடு வந்த வயரை வெட்டவில்லை. அதற்கான நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி, அதை வெட்டி ஈயம் வைத்தோம். நாளைக்கு டிவிடி டிரைவ் வேண்டும் என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இன்னொரு வசதி, ஷட்டவுன் செய்தால் இந்த முனையும் கூடவே அணைந்துவிடுகிறது. அம்மாவுக்கும் நிம்மதி.

30 விளக்குகள் போட்டேன். ஒரு விளக்கு முழு வெள்ளையில் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். முப்பதுக்கும் சேர்த்து 1.8 ஆம்பியர். மதர்போர்டே உண்டாக்கும் 5 வோல்ட்டில், எஸ்எஸ்டியும் டிஸ்க்கும் சாப்பிட்டது போக அவ்வளவையும் கேட்பது நியாயமில்லை. அதனால் விளக்கைக் கட்டுப்படுத்த, இஎஸ்பி 8266 என்ற சின்ன வைஃபை சில்லில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் உள்ள கரண்ட் உச்சவரம்பை 700 மில்லி ஆம்பியரில் வைத்தேன். நாம் எவ்வளவு பிரகாசம் கேட்டாலும், தானே கணக்குப் போட்டு மங்கலாக்கிக்கொள்ளும். ஸ்ட்ரிப்பின் வாயிலில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. வயர், சில், ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது, அண்ணாச்சி கூலி தனி. இரும்புப் பெட்டிக்குள் வைஃபை சரியாக எட்டாது. தகட்டைத் திறந்து வைத்து, போனில் ஒரு முறை நிறத்தை அமைத்து, அதையே தொடக்க அமைப்பாகச் சேமித்துவிட்டேன். அதன்பின் போனைத் தொடவே இல்லை.

நிறம் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய ஸ்ட்ரிப்பில் நல்ல நீலத்தில் வைத்திருந்தேன், பார்க்க அழகு. அந்த மாதங்களில் புனலூர் ஆல்பம் ஒன்று அச்சாகிப் போனது. மாப்பிள்ளையின் அண்ணன் போன் செய்து, "முகம் கொறச்சு நீலயாணல்லோ" என்றார். எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மானிட்டருக்குப் பக்கத்திலேயே நீல வெளிச்சம் பரவியிருந்தால் கண் அதற்குப் பழகிக்கொள்ளும். திரையில் என்ன தெரிகிறதோ அதை நம்பி நான் தோல் நிறத்தைத் திருத்தியிருக்கிறேன். அந்த நாலு பக்கத்தையும் என் செலவில் மறு அச்சு போட்டுக் கொடுத்தேன். இப்போது மங்கலான வெள்ளை மட்டும்தான். மூன்று நிறத்தையும் முழுதாக எரியவிட்டால் வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். பச்சையையும் நீலத்தையும் இறக்கி, கண்ணுக்கு இதமாகும் வரை மாற்றிக்கொண்டேன். போட்டோ, அச்சு வேலை செய்கிறவர்கள் பெட்டியை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கலர் விளக்கு போட வேண்டாம்.

இங்கே ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் ஒன்றாக வரும். துவைத்த துணியே இரண்டு நாள் காயாது. 2023 ஜூலையில் ஸ்ட்ரிப்பின் பின்னால் உள்ள ஒட்டும் டேப் விட்டுப்போய், ஒரு முனை பிராசசர் விசிறியின் மேல் தொங்கிவிட்டது. இறக்கை உரசுகிற சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அதிலிருந்து டேப்பை நம்புவதில்லை. கேபினெட் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளில் கேபிள் டை போட்டு நாலு இடத்தில் கட்டினேன். இன்றுவரை அசையவில்லை.

2025 ஜூனில் பதினாலாவது விளக்கு செத்தது. அதற்குப் பின்னால் இருந்த பதினாறும் கூடவே இருண்டன. இந்த ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு விளக்கும் தனக்கு வேண்டிய தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குக் கடத்தும். ஒன்று போனால் சங்கிலி அறுந்துவிடும். அந்த இடத்தில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஈரம்தான். அந்த ஒன்றை வெட்டி எடுத்து, இரு பக்கத்தையும் வயரால் இணைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டோம். இப்போது 29 எரிகின்றன. இங்கே போடுகிறவர்கள் சிலிக்கான் உறை உள்ள ஸ்ட்ரிப்பாகவே வாங்கிவிடலாம்.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று உண்டு. முன்பு வருடத்துக்கு ஒரு தடவைதான் பெட்டியைத் திறப்பேன். இப்போது தூசி சேருவது தினமும் கண்ணில் படுகிறது. பிராசசர் சூட்டை இறக்குகிற ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு போலப் படிய ஆரம்பித்ததும் திறந்து துடைத்துவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் ஒரு நாள் எஸ்எஸ்டி சட்டத்துக்குக் கீழே வெள்ளையாக இரண்டு உருண்டை தெரிந்தது. பட்டாணி அளவு, சட்டத்தோடு ஒட்டியிருந்தது. பல்லி முட்டை! கதகதப்பான இடம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பின்பக்கம் மூடி இல்லாமல் இருந்த ஸ்லாட் வழியாகத்தான் வந்திருக்கும். அதற்கு ஒரு தகடு வாங்கி அடைத்தேன். முட்டை பொரிந்து குட்டி போர்டில் ஏறியிருந்தால் அதுவும் செத்திருக்கும், போர்டும் போயிருக்கும்.

அக்ரிலிக் ஜன்னலில் மட்டும் எனக்குக் குறை. உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து முழுக்கக் கீறல். துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறி தூசியை இன்னும் இழுக்கிறது. ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் கண்ணாடி வைப்பேன்.

போன வாரம் அக்கா மகன் தன்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், "மாமா, எனக்கும் இதே மாதிரி" என்று. அது இன்னும் சின்ன ரகம். டிவிடி டிரைவே கிடையாது, சாட்டா முனை ஒன்றே ஒன்று. ஆனால் போர்டின் ஓரத்தில் ஒன்பது பின் யுஎஸ்பி 2.0 ஹெட்டர் ஒன்று காலியாக இருந்தது. அதில் ஒரு போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்பியர். 15 விளக்கு, பாதிப் பிரகாசம், உச்சவரம்பு 400. ஹெட்டர் வயருக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் அண்ணாச்சி கடையில் உட்கார வேண்டும்.