கேமரா வாங்க யாரை நம்புவது: முதல் நாள் விமர்சகரா, வாடகைக் கடைக்காரரா?

புது கேமரா அறிவித்த அதே நிமிடத்தில் இருபது பேர் யூடியூபில் விமர்சனம் போடுகிறார்கள் என்றால், இத்தனை மணிக்கு முன் வாய் திறக்கக் கூடாது என்று நிறுவனமே கேமராவைக் கடனாகக் கொடுத்து நேரமும் குறித்திருக்கிறது என்று அர்த்தம். ஒளிவுமறைவு கிடையாது, எம்பார்கோ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலானோர் காசுக்காகப் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த கேமராவும் முதல் நாளே கைக்கு வந்தால்தான் பிழைப்பு ஓடும் என்ற நிலையில் இருப்பவர், சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

2006இல் வந்த லைக்கா எம்8 கேமரா இதற்கு நல்ல உதாரணம். அகச்சிவப்பு ஒளியை அதன் சென்சார் சரியாகத் தடுக்காததால் கருப்பு செயற்கைத் துணியெல்லாம் மெஜந்தா நிறத்தில் பதிவானது. லூமினஸ் லாண்ட்ஸ்கேப் என்ற புகைப்பட இணையதளத்தை நடத்திய மைக்கேல் ரெய்க்மன் அதை முன்பே கவனித்திருந்தும், லைக்கா கேட்டுக்கொண்டதால் முதல் விமர்சனத்தில் எழுதவில்லை, பிறகு அவரே அதைச் சொன்னார். மதிக்கப்பட்ட மனிதர், அவருக்கே இந்தக் கதி. வாங்கியவர்களுக்குக் கடைசியில் லைக்கா அந்த ஒளியைத் தடுக்கும் இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது.

இப்போது அமெரிக்காவின் டென்னசியில் இருக்கும் லென்ஸ்ரென்டல்ஸைப் பாருங்கள். ராஜர் சிகாலா என்ற மருத்துவர் ஆரம்பித்த, லென்ஸும் கேமராவும் வாடகைக்கு விடும் கடை அது. லென்ஸ் கெட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான், எனவே குறையைத் தோண்டியெடுப்பது அவர்கள் தொழிலுக்கே லாபம். விமர்சகர் கையில் இருப்பது ஒரே ஒரு லென்ஸ், அதுவும் நிறுவனம் அனுப்பியது. இவர்களோ ஒரே மாடலில் பத்து லென்ஸை எடுத்து, லென்ஸின் தரத்தை அளக்கும் கருவியான ஆப்டிகல் பெஞ்சில் வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்றும் பார்த்தார்கள். 2012 செப்டம்பரில் வந்த நிக்கான் டி600இன் சென்சாரில், படத்தின் இடது மேல் மூலையில் தூசிப் புள்ளிகள் குவிகின்றன என்று அடுத்த மாதமே எழுதினார்கள். நிக்கான் அதைப் பற்றி வாய் திறந்தது 2013 பிப்ரவரியில். ஒரு வாரம் கடன் வாங்கியவருக்கு இது தெரிய வாய்ப்பே குறைவு, அது அவர் தப்பும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் டிபிரிவ்யூ என்ற கேமரா விமர்சன இணையதளம். 2007 முதல் 2023 வரை அதன் முதலாளி அமேசான், அதாவது கேமரா விற்கும் கடைக்காரர். சந்தேகப்பட வேண்டிய உறவுதான். ஆனால் ஒரே ஸ்டுடியோ காட்சியை எல்லா கேமராவிலும் எடுத்து, ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்ததை மெருகேற்றாத கோப்பை, நம்மையே இறக்கிப் பார்க்க விட்டார்கள், அதனால் அவர்கள் தீர்ப்பை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீடியோவுக்குக் கீழே வாங்கும் லிங்க் போட்டு கமிஷன் எடுப்பவர்கள் வேறு ரகம், எந்த பிராண்ட் விற்றாலும் அவர்களுக்குச் சரி. அவர்கள் வாயிலிருந்து ‘பழையதே போதும்’ என்று வந்தால் மட்டும் நான் காது கொடுப்பேன்.

வாடகைக் கடையிலும் ஓட்டை உண்டு. ஆட்டோஃபோகஸ் ஓடும் குழந்தையைப் பிடிக்குமா, தோல் நிறம் எப்படி வரும், மெனு படுத்துமா என்பதெல்லாம் ஆப்டிகல் பெஞ்சில் தெரியாது. தங்கள் பழைய சரக்கை விற்கவும் செய்கிறார்கள். அதனால் பட்டன் எங்கே, கைப்பிடி எப்படி என்பதற்கு மட்டும் முதல் நாள் வீடியோ பார்ப்பேன். லென்ஸுக்குக் காசு கட்டும் முன் சிகாலா பக்கம். கேமரா பாடி என்றால் ஆறு மாதம் பொறுப்பேன், அதற்குள் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.